இடம் மாறிய தழும்பு

புரூக்ளின்
1899 ஜூலை 31

அன்புள்ள லெம்,

நீ பத்திரமாகக் கரை சேர்ந்துவிட்டாய் என்பதை உன் கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் நம்பினேன். காய்ச்சல் முழுவதும் விட்டதா? சாப்பாடு இறங்குகிறதா? எனக்கு விரல் மூட்டுகளில் வலி. வேறு குறை இல்லை.

சான்பிரான்சிஸ்கோ முகாமிலிருந்து நீ எழுதியது ஆறு வரி. பட்டாளத்தில் உன்னைப் பெயர் சொல்லி யாரும் அழைப்பதில்லை, 'படத்துப் பையன்' என்றுதான் அழைக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். எங்கள் பத்திரிகையில் வந்த அந்தக் கேலிச்சித்திரத்தில் இருப்பது நீதானா, உன்னை அங்கே கொண்டுபோய் வைத்தது யார் என்று கேட்டிருக்கிறாய். மணிலாவுக்குத் திரும்பிப் போய் இன்னும் இரண்டு வருடம் சண்டை போடச் சம்மதமா இல்லையா என்று ஆகஸ்ட் இருபதாம் தேதிக்குள் கையெழுத்துப் போட்டுச் சொல்ல வேண்டுமாம். பதில் தெரியாமல் முடிவு எடுக்க மாட்டாயாம்.

நானாகச் சொன்னால் என்னை அறியாமலே எனக்குச் சாதகமாகச் சொல்லிவிடுவேன். அதனால் உன் அம்மாவும் நானும் எழுதிக்கொண்ட கடிதங்களையே தேதி வரிசையில் கட்டி அனுப்புகிறேன். என் கடிதங்களுக்கு நகல் வைத்துக்கொள்வது என் பழக்கம். அவளைக் கேட்காமல்தான் அனுப்புகிறேன். இவற்றிலிருந்து நீ அறியப்போவது:

1. முகம் உன்னுடையது. கொடுத்தவன் நான்.

2. உன்னைப் போருக்கு அனுப்பும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை.

3. உன் அம்மாவுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. அது யாருடைய முகம் என்றே இந்த வருடம் பிப்ரவரி வரை அவளுக்குத் தெரியாது.

4. அந்தப் படம் வராமல் இருந்திருந்தாலும் போர் வந்திருக்கும். (இதை எழுதும்போது எனக்கு அத்தனை உறுதி இல்லை.)

உன் புகைப்படத்தையும் உள்ளே வைத்திருக்கிறேன். அலுவலக அலமாரியிலிருந்து யாரையும் கேட்காமல் எடுத்துவிட்டேன். முப்பது வருட வேலையில் கேட்காமல் எடுத்த முதல் பொருள் அதுதான்.

உன் மாமா,
சைலஸ் ப்ரவுட்டி

*

புரூக்ளின்
1898 மார்ச் 6

அன்புள்ள ஹல்டா,

நெப்ராஸ்கா குளிர் இந்த வருடம் கடுமை என்று படித்தேன். உன் நெஞ்சு எப்படி இருக்கிறது? புகைபோக்கியைச் சுத்தம் செய்ய ஆள் கிடைத்ததா? நான் வழக்கம்போல்.

லெம்மின் புகைப்படம் வந்தது. ஒமாஹா தானியக் கிடங்கில் மூட்டை நிறுப்பவன் இவ்வளவு அழகாகக் கோட்டுப் போட்டுக்கொள்வான் என்று நான் நினைக்கவில்லை. வலப்புருவத்தில் அந்தத் தழும்பு இன்னும் தெரிகிறது. கொட்டகைக் கதவில் அவன் மோதிய அன்று நீ அழுதது நினைவுக்கு வந்தது. அலுவலகத்துக்குக் கொண்டுபோய் இரண்டு பேரிடம் காட்டினேன். எங்கள் முதன்மைச் சித்திரக்காரர் கார்ஸ்டென் பார்த்துவிட்டு, "தாடை நல்லாருக்குய்யா" என்றார்.

என் வேலை பற்றிக் கேட்டிருந்தாய். சித்திரக்காரர்கள் அச்சுக்கல்லின்மேல் மெழுகுக்கோலால் படம் வரைவார்கள். யார் எந்த நாடு என்று வாசகருக்குத் தெரிய வேண்டும் அல்லவா? பாவாடையிலும் தொப்பியிலும் பெயர் எழுதுவது நான். கல்லில் இருப்பது தாளில் இடம்வலம் மாறி விழும். அதனால் நான் எழுதுவதெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பித்தான் இருக்கும். முப்பது வருடமாக நான் நேராக எழுதுவது உனக்கு மட்டும்தான்.

ஹவானா துறைமுகத்தில் நம் போர்க்கப்பல் வெடித்ததிலிருந்து எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. இந்த மூன்று வாரத்தில் நான்கு முறை 'கியூபா' எழுதிவிட்டேன். நான்கு முறையும் ஓர் அழகான பெண்ணின் இடுப்புத்துணியில்.

இந்த வார இதழைத் தபாலில் சேர்த்திருக்கிறேன். பெல்ஃபோர்ட் ஊரிலேயே உன் வீட்டுக்கு மட்டும்தான் அது வருகிறது என்று நீ சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. புகைப்படம் என் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது.

அன்புடன்,
சைலஸ்

*

பெல்ஃபோர்ட், நெப்ராஸ்கா
1898 ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணா,

நெஞ்சு தேவலை. புகைபோக்கிக்காரன் வந்தான், பாதிப் புகைக்கரியை என் கம்பளத்தில் கொட்டிவிட்டுப் போனான். உன் விரல்களுக்கு வாத்துக்கொழுப்பு தடவிப் பார்த்தாயா?

போன வார இதழ் வந்தது. நடுப்பக்கத்தில் ஒரு படம். கியூபா என்று எழுதிய பெண் (அது உன் எழுத்து, எனக்குத் தெரியும்) மண்டியிட்டுக் கிடக்கிறாள். கத்தியோடு ஒரு ஸ்பானியன். கடலில் இறங்கி நடந்து வருகிறான் நம் சிப்பாய் ஒருவன். அந்தச் சிப்பாயின் முகத்தைப் பார்த்ததும் படத்தை விளக்கடிக்குக் கொண்டுபோனேன். பிறகு கவனித்தேன், தழும்பு இடப்புருவத்தில் இருக்கிறது. லெம்முக்கு வலப்பக்கம். ஆகவே அது அவன் இல்லை. ஆனாலும் கேட்கிறேன், இந்தச் சித்திரக்காரருக்கு இப்படி ஒரு முகம் எங்கிருந்து கிடைத்தது?

யாரோ அதை ஹோர்ட்டனின் முடிதிருத்தும் கடையில் மாட்டிவிட்டார்கள். நேற்று அந்தப் பக்கம் போனேன். முகம் நிறைய நுரையோடு உட்கார்ந்திருந்த கொல்லன் பீசன், "என்ன கிம்மல் அம்மா, உங்க பையன் எப்பக் கப்பல் ஏறப்போறான்?" என்றான். ஹோர்ட்டன், "ஏண்டா, அவன்தான் ஏற்கெனவே தண்ணியில இறங்கிட்டானே, முழங்கால் வரைக்கும் நனைஞ்சிருக்கான் பாரு" என்றான். கடை முழுக்கச் சிரிப்பு. "உங்க வாயில நுரை போகட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த இதழில் இன்னும் மூன்று பிரதி அனுப்பு. இருந்தது அழுக்காகிவிட்டது.

உன் தங்கை,
ஹல்டா

*

புரூக்ளின்
1898 ஏப்ரல் 20

அன்புள்ள ஹல்டா,

வாத்துக்கொழுப்பு இங்கே கிடைக்கவில்லை. கோழிக்கொழுப்பு தடவினேன், மேசையெல்லாம் வாசனை. நீ நலம்தானே?

மூன்று பிரதிகள் தனியே வருகின்றன. முகம் பற்றிக் கேட்டாய். சித்திரக்காரர்களின் முகங்கள் எங்கெங்கிருந்தோ வருகின்றன. டிராமில் பார்த்தது, உணவுக்கடையில் பார்த்தது, பழைய படங்களில் இருந்தது. இதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வேறொன்று சொல்ல வேண்டும். உன்னிடம் மட்டும். மாதத் தொடக்கத்தில் கார்ஸ்டென் இரண்டு கற்களில் வரைந்தார். ஒன்றில் சமாதானம்: ஸ்பானியன் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டுக்கொண்டு போகிறான். மற்றொன்றில் போர். வண்ணம் ஏற்றி அச்சடிக்கப் பத்து நாள் ஆகும் என்பதால் எது நடந்தாலும் தயாராக இருக்க வேண்டுமாம். இரண்டிலும் பெயர்கள் எழுதியவன் நான். ஐந்தாம் தேதி கல் தேய்க்கும் அறைக்குப் போனேன். வாட்செக் சமாதானக் கல்லை மணல் போட்டுத் தேய்த்துப் படத்தை அழித்துக்கொண்டிருந்தான்.

"என்னப்பா வாட்செக், இது இன்னும் அச்சுக்கே போகலையே?" என்றேன்.

"மேலருந்து சொன்னாங்க, தேய்க்கிறேன்."

"வாஷிங்டன்ல இன்னும் பேசிக்கிட்டுத்தானே இருக்காங்க?"

"பெரியவரே, கல்லுக்குச் சமாதானமும் ஒண்ணுதான் சண்டையும் ஒண்ணுதான். ரெண்டும் ஒரே மணல்லதான் போகும். தள்ளி நில்லுங்க, சட்டையில தெறிக்கும்."

ஜனாதிபதி பேரவைக்குச் செய்தி அனுப்பியது பதினொன்றாம் தேதி. எங்கள் ஆசிரியருக்கு ஆறு நாள் முன்பே எப்படித் தெரிந்தது? யாராவது சொன்னார்களா, அல்லது எங்களைப் போன்றவர்கள் வரைந்து வரைந்து அவர்களுக்கு வேறு வழி இல்லாமல் செய்துவிட்டோமா? நான் அதிகமாகச் சந்தேகப்படுகிறேனோ என்னவோ. இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடு.

அன்புடன்,
சைலஸ்

*

பெல்ஃபோர்ட்
1898 மே 23

அண்ணா,

நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

லெம் சேர்ந்துவிட்டான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒமாஹாவில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சீருடை கொடுத்த பிறகுதான் எழுதினான். "இனிமேல் பெல்ஃபோர்டில் தலைநிமிர்ந்து நடக்கலாம் அம்மா" என்று ஒரே வரி. ஏன் இப்படிச் செய்தான் என்று எனக்கு விளங்கவில்லை. உனக்கு விளங்குகிறதா?

வழியனுப்ப லிங்கன் நகர ரயில் நிலையத்துக்குப் போனேன். கியூபாவுக்குப் போகிறோம் என்று எல்லாப் பையன்களும் கத்தினார்கள். ரயில் மேற்கே கிளம்பிப் போனது. கியூபா கிழக்கே இருக்கிறது என்று எனக்குக்கூடத் தெரியும். பக்கத்தில் நின்ற அதிகாரியைக் கேட்டேன். "மணிலாம்மா" என்றான். "அது எங்க இருக்கு?" என்றேன். "போய்ப் பார்த்தாத்தான் தெரியும்" என்றான். அந்த ஊரின் பெயரை இதுவரை யார் பாவாடையிலும் நீ எழுதியதாக நான் பார்க்கவில்லை.

நீ முகம் பற்றி எழுதிய நான்கு வரியை மறுபடி படித்தேன். அண்ணா, நீ எப்போதும் எல்லாவற்றுக்கும் எண் போட்டு எழுதுகிறவன். அந்த நான்கு வரிக்கு மட்டும் எண் இல்லை.

ஹல்டா

*

புரூக்ளின்
1898 அக்டோபர் 9

அன்புள்ள ஹல்டா,

ஐந்து மாதமாக எழுதவில்லை. உடல்நிலைதான் காரணம் என்று எழுதத் தொடங்கி அடித்துவிட்டேன். உடம்பு நன்றாகத்தான் இருந்தது. உன் உடம்பு எப்படி? பையனிடமிருந்து கடிதம் வருகிறதா? ஸ்பெயினோடு சண்டை ஓய்ந்துவிட்டது, மணிலாவில் நம் கொடி ஏறிவிட்டது, இனி அவன் திரும்பிவிடுவான் என்று நம்புகிறேன்.

ஆனால் அலுவலகத்தில் பார்ப்பது என் நம்பிக்கையைக் கெடுக்கிறது. ஆகஸ்ட் வரை கியூபா ஒரு பெண்ணாக இருந்தாள். போன மாதம் கார்ஸ்டென் வரைந்த கல்லைக் கொண்டுவந்து, "பெரியவரே, இந்தக் குட்டிப்பய மேல 'கியூபா'ன்னு எழுதுங்க" என்றார். பார்த்தேன். கறுத்த, வெறுங்காலோடு ஒரு பொடியன், பள்ளிக்கூட மேசையில் கால் நீட்டிப் படுத்திருக்கிறான். பக்கத்தில் அவனைப் போலவே மூன்று பேர்.

"கியூபா அந்தப் பொண்ணு இல்லையா?" என்று கேட்டுவிட்டேன்.

"அது காப்பாத்தறதுக்கு முன்னாடி. பொண்ணுன்னா காப்பாத்திட்டு வீட்டுக்குப் போயிடணும். குழந்தைன்னா கூடவே இருந்து வளர்க்கணும்ல? அடிக்கணும், குளிப்பாட்டணும், பாடம் சொல்லிக் கொடுக்கணும். வருஷக்கணக்கா வேலை இருக்குய்யா."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பிறகு நான்கு பொடியன்களுக்கும் பெயர் எழுதினேன். நான்காவது 'பிலிப்பைன்ஸ்'. அவன் காதில் எலும்புத்துண்டு செருகியிருந்தது. அந்த நாட்டு மனிதர் ஒருவரின் புகைப்படமாவது பார்த்தீர்களா என்று கேட்டேன். இல்லை, சோப்பு விளம்பரத்தில் இருந்த ஒரு பொம்மையைப் பார்த்து வரைந்தாராம்.

குழந்தை என்று எழுதிவிட்டால் நம் பையன்கள் சீக்கிரம் திரும்ப மாட்டார்கள் என்று எனக்குப் படுகிறது. தவறாக இருந்தால் மகிழ்ச்சி.

அன்புடன்,
சைலஸ்

*

பெல்ஃபோர்ட்
1899 பிப்ரவரி 26

அண்ணா,

என் உடம்பைப் பற்றிக் கேட்காதே. தூக்கம் இல்லை.

மணிலாவில் மறுபடி சண்டை என்று இந்த மாதம் நாலாம் தேதியிலிருந்து செய்தி. இந்த முறை ஸ்பானியனோடு இல்லை, அந்த ஊர்க்காரர்களோடேயே. யாரைக் காப்பாற்றப் போனார்களோ அவர்களோடு. லெம் டிசம்பரில் எழுதிய கடிதம் இப்போதுதான் வந்தது. முகாமுக்கு முட்டை கொண்டுவரும் ஆளைப் பற்றி எழுதியிருக்கிறான். மூக்குக்கண்ணாடி போட்டவராம். முட்டைக் கூடையின் அடியில் ஸ்பானியச் செய்தித்தாள் விரித்திருப்பாராம், விற்று முடித்ததும் அதை எடுத்து உட்கார்ந்து படிப்பாராம். "மாமாவின் பத்திரிகை இங்கேயும் வருகிறது அம்மா. காதில் எலும்போடு இருக்கும் பையனை இந்த ஊர் முழுக்கத் தேடிவிட்டேன், காணோம்" என்று எழுதியிருக்கிறான்.

அதைப் படித்துவிட்டு உன் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்தேன். கல்லில் இருப்பது தாளில் இடம்வலம் மாறி விழும் என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்தச் சிப்பாய்ப் படத்தை எடுத்துக்கொண்டுபோய் அலமாரிக் கண்ணாடிமுன் பிடித்தேன். தழும்பு வலப்புருவத்துக்கு வந்துவிட்டது. கண்ணாடிக்குள் என் பையன் தண்ணீரில் இறங்கி என்னைப் பார்த்து வந்துகொண்டிருந்தான்.

நீதான் கொடுத்தாயா? ஆமாம் அல்லது இல்லை. எண் போட வேண்டாம்.

ஹல்டா

*

புரூக்ளின்
1899 மார்ச் 19

அன்புள்ள ஹல்டா,

ஆமாம்.

நீ நலமாக இருக்க வேண்டும் என்று நான் எழுதுவது உனக்கு இப்போது எப்படிக் கேட்கும் என்று தெரியவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

எங்கள் அலுவலகத்தில் முகங்களுக்கென்று ஓர் அலமாரி உண்டு. செனட்டர்கள், வங்கிக்காரர்கள், குடிகாரர்கள், மாமியார்கள் என்று தலைப்புப் போட்டு அடுக்கியிருப்பார்கள். அன்று கார்ஸ்டென் 'சிப்பாய், இளைஞன்' என்ற தட்டைக் கலைத்துப் போட்டுவிட்டு, "எல்லாமே பழைய போர் முகம்யா, தாடியும் மீசையுமா. வயல்ல இருந்து நேரா வந்த மாதிரி ஒருத்தன் வேணும்" என்று சத்தம் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "மிஸ்டர் ப்ரவுட்டி, நீங்க ஒரு படம் காட்டினீங்களே, அது கொஞ்சம் கிடைக்குமா?" என்றார்.

பதினொரு வருடத்தில் அவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்தது அதுதான் முதல் தடவை. எழுந்துபோய் எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான் நடந்தது. இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு வருடமாக யோசிக்கிறேன், கிடைக்கவில்லை.

அவசரத்தில் அவர் புகைப்படத்தைப் பார்த்து அப்படியே கல்லில் வரைந்துவிட்டார். திருப்பி வரைய வேண்டும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. எழுத்து திரும்பி விழுந்தால் முதல் வாசகரே கடிதம் போட்டுவிடுவார். முகம் திரும்பி விழுந்தால் பெற்றவளுக்கு மட்டும்தான் தெரியும். உனக்கும் தெரியாமல் போகட்டும் என்று நினைத்தேன்.

புகைப்படத்தைத் திரும்பக் கேட்டேன். அது இப்போது அலமாரிச் சொத்து, சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டு ஆசிரியரிடம் காரணம் சொல்லித்தான் எடுக்க முடியுமாம். சீட்டை எழுதினேன். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் கிழித்துவிட்டேன். அதற்குள் இன்னும் மூன்று படங்களுக்கு அவன் முகம் போய்வந்துவிட்டது. கடைசிப் படத்தில் அவன் கையில் பிரம்பு இருக்கிறது.

மன்னிப்புக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

சைலஸ்

*

பெல்ஃபோர்ட்
1899 ஜூன் 4

அண்ணா,

இரண்டு மாதம் உனக்கு எழுதக் கூடாது என்றிருந்தேன். மூட்டுவலி எப்படி? நான் இருக்கிறேன்.

லெம்முக்குக் காய்ச்சலாம், அவன் படைப்பிரிவைத் திருப்பி அனுப்பப் போகிறார்களாம். இதை அவனோடு பட்டாளத்தில் இருக்கும் பாதிரியாரின் மகன் எழுதிய கடிதத்திலிருந்துதான் தெரிந்துகொண்டேன். மார்ச்சிலிருந்து லெம் எனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. உனக்கு எழுதுகிறானா? எழுதினால் மறைக்காதே. மறைப்பதில் நீ கைதேர்ந்தவன் என்று இப்போது தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் பீசன் என்னை நிறுத்தி, "பையன் மறுபடியும் கையெழுத்துப் போடறான்தானே? நடுவுல விட்டுட்டு வர்ற ஆளு இல்லை அவன், முகத்தைப் பார்த்தாலே தெரியுதே" என்றான். "நீயே போயேண்டா" என்றேன். "என் முகத்தை யாரும்மா வரைவாங்க?" என்றான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

எனக்கு அவன் வீட்டுக்கு வர வேண்டும். வேறொன்றும் வேண்டாம். என்றைக்காவது அவன் உன்னிடம் கேட்டால், நடந்ததை உள்ளபடி சொல். அம்மாவுக்கு இதில் ஒரு பங்கும் இல்லை, அவளுக்கு எதுவும் தெரியாது என்பதைத் தெளிவாக எழுது. அவன் என்னைத் தவறாக நினைத்துக்கொண்டு வராமல் இருந்துவிடக் கூடாது.

உன் பத்திரிகையை இனி அனுப்ப வேண்டாம்.

ஹல்டா

*

சான்பிரான்சிஸ்கோ
1899 ஆகஸ்ட் 14

அன்புள்ள மாமா,

காய்ச்சல் விட்டுவிட்டது. ரொட்டியும் சூப்பும் இறங்குகிறது. உங்கள் விரல்களுக்கு இங்கே சீனர்கள் விற்கும் ஒரு தைலம் வாங்கி அனுப்புகிறேன், மணம்தான் கொஞ்சம் முரட்டுத்தனம்.

கட்டு வந்தது. இரண்டு முறை படித்தேன். உங்கள் முதல் குறிப்பை நம்புகிறேன். இரண்டாவதையும் நம்புகிறேன். நாலாவதைப் பற்றி எனக்குத் தெரியாது.

மூன்றாவது சரியில்லை மாமா. நான் உங்களிடம் கேட்டது, முகத்தைக் கொடுத்தது யார் என்றுதான். அதைச் சுவரில் மாட்டியது யார் என்று எனக்குப் போன வருடமே தெரியும். அம்மா ஒமாஹாவுக்கு எழுதிய கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. 1898 ஏப்ரல் முதல் தேதி. உங்களுக்கு எழுதியதற்கு முந்தின நாள். அதிலிருந்து அப்படியே எழுதுகிறேன்:

"தழும்பைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள், அது கிடக்கட்டும், பெற்றவளுக்குத் தெரியாதா? ஹோர்ட்டன் கடையில் நானே ஆணி கேட்டு வாங்கி மாட்டினேன். உள்ளே வருகிறவர்கள் தொப்பியைக் கழற்றுகிறார்கள். உன் அப்பா இறந்த பிறகு இந்த ஊரில் எனக்கு யாரும் நாற்காலி எடுத்துப் போட்டதில்லை. இன்று ஹோர்ட்டன் போட்டான். எப்போது கிளம்புகிறாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நான் என்ன பதில் சொல்ல?"

அதைப் படித்த மறுவாரம்தான் பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கிற இடத்துக்குப் போய் விசாரித்தேன். அம்மாமேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த நாற்காலியை நினைத்தால் கோபம் வரவில்லை. ஆனால் பழியை அவள் உங்கள் தலையில் மட்டும் ஏற்றியிருக்க வேண்டாம்.

நான் மறுபடி கையெழுத்துப் போடவில்லை. ஏழாம் தேதியே சொல்லிவிட்டேன், அந்த வாரமே விடுவித்தார்கள். சார்ஜென்ட், "என்னடா படத்துப் பையா, பயந்துட்டியா?" என்றார். "ஆமாம் சார்" என்றேன். வேறு எப்படிச் சொல்வது? முட்டை கொண்டுவருகிறவரின் மூக்குக்கண்ணாடியைப் பிப்ரவரியில் ஒருநாள் மறுபடியும் பார்த்தேன். எங்கே என்று எழுத மாட்டேன். பிரம்போடு நான் நிற்கும் படம் அதற்கு அடுத்த மாதம் முகாமுக்கு வந்தது. பையன்கள் என் படுக்கைக்கு மேலே ஒட்டிவைத்தார்கள்.

வீட்டுக்கும் போகவில்லை. இங்கே மரக்கிடங்கு ஒன்றில் பலகை இறக்கும் வேலை. தாடி வளர்க்கிறேன். நேற்று முடிதிருத்துகிறவர் மழிக்கட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். யாருக்கும் என்னைத் தெரியவில்லை. அது எவ்வளவு சுகம் என்று உங்களுக்குத்தான் புரியும் என்று நினைக்கிறேன். என் முகவரியை அம்மாவிடம் இப்போது கொடுக்காதீர்கள். நானே எழுதுவேன், நாள் ஆகும்.

உங்கள் மருமகன்,
லெமுவெல் கிம்மல்

*

புரூக்ளின்
1899 ஆகஸ்ட் 27

அன்புள்ள ஹல்டா,

முதலில் நீ கேட்க விரும்புவது. லெம் உயிரோடு, நலமாக இருக்கிறான். காய்ச்சல் இல்லை, சாப்பிடுகிறான். மணிலாவுக்குத் திரும்பவில்லை. கையெழுத்துப் போட மறுத்துவிட்டான். இந்த வரியை வேண்டுமானால் இன்னொரு முறை படி. மற்றவற்றை நாளைக்குப் படிக்கலாம்.

வீட்டுக்கு இப்போது வர மாட்டான். எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியும். சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். மறைக்காதே என்று நீ எழுதியிருந்தாய், அதனால் மறைக்கிறேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். அவனே உனக்கு எழுதுவான். காத்திரு.

போன மாதம் நம் கடிதங்களை எல்லாம் அவனுக்கு அனுப்பிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ சம்மதித்திருக்க மாட்டாய் என்று அப்போது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று இப்போது யோசிக்கிறேன். ஒரு வருடமாக ஆசிரியரைச் சந்தேகப்பட்டேன், கார்ஸ்டெனைச் சந்தேகப்பட்டேன், வாஷிங்டனைச் சந்தேகப்பட்டேன். என்னை மிகவும் சந்தேகப்பட்டேன். நீ என்னைச் சந்தேகப்பட்டு எழுதிய கடிதங்களை மட்டும் சந்தேகமே இல்லாமல் படித்தேன்.

உன்மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. ஒருவர் பெயர் சொல்லி அழைத்ததற்காக நான் எழுந்து போனவன். ஒருவர் நாற்காலி எடுத்துப் போட்டதைப் பற்றி நான் என்ன சொல்வது? அவனுக்கு உன்மேல் கோபம் இல்லை. அதை அவன் எழுத்திலேயே படித்தேன்.

நெஞ்சைப் பார்த்துக்கொள். குளிர்காலம் வருவதற்குள் புகைபோக்கிக்கு வேறு ஆளாகப் பார்.

கட்டின் முதல் தாளில் நான்கு குறிப்புகள் எழுதியிருந்தேன். மூன்றாவது, உனக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை என்பது. நீ சொன்னபடியே, தெளிவான கையெழுத்தில் எழுதினேன். அது தவறு.

உன் அண்ணன்,
சைலஸ்